இரண்டு டிஸ்க், ஒரே எழுத்து: லினக்ஸில் மிரர் அமைப்பதும் உடைத்துப் பார்ப்பதும்

தெரிந்தவர் ஒருவரின் சிறிய அச்சகத்துக்கு, டிசைன் கோப்புகளை வைத்துக்கொள்ள ஒரு லினக்ஸ் மெஷின் அமைத்துக் கொடுத்திருந்தேன். உள்ளே 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். "ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும், கவலைப்படாதீங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் ஒரு நவம்பரில் நெட்வொர்க்கில் ஏதோ தகராறு என்று கூப்பிட்டார். போன இடத்தில், வந்தது வந்தோம் என்று ஒரு கட்டளையைத் தட்டிப் பார்த்தேன். இரண்டு எழுத்து தெரியவேண்டிய இடத்தில் ஓர் எழுத்தும் ஒரு கோடும் தெரிந்தன. ஒரு டிஸ்க் கூட்டணியை விட்டு வெளியேறியிருந்தது.

எப்போது? வெளியேறிய டிஸ்க்கின் மேலேயே அதற்குப் பதில் இருந்தது. கடைசியாக எப்போது பதிவானோம் என்ற தேதியை ஒவ்வொரு டிஸ்க்கும் தன் தலைப்பகுதியில் எழுதி வைத்துக்கொள்ளும். படித்தேன். ஏப்ரல். அதாவது ஏழு மாதம் அந்த மெஷின் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறது. தினமும் காலையில் ஆன் செய்யும்போதெல்லாம் "இந்த டிஸ்க் பழசாகிவிட்டது, சேர்த்துக்கொள்ள முடியாது" என்று லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதியிருக்கிறது. அதை யார் படிப்பார்கள்? கோப்புகள் திறந்தன, அச்சு ஓடியது, யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

தப்பு என்னுடையதுதான். மிரர் அமைப்பதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். ஆகவே இந்தக் கட்டுரையில் அமைப்பதற்குக் கொடுக்கும் இடத்தைவிட, உடைந்தால் என்ன தெரியும், எப்படிச் சரிசெய்வது என்பதற்கு அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

கார்பன் தாள் வைத்த பில் புத்தகம்

மளிகைக் கடை பில் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் தாளுக்கும் கீழ்த் தாளுக்கும் நடுவே கார்பன் தாள். பேனாவால் ஒரு தடவை எழுதினால் இரண்டிலும் விழும். மேல் தாள் கிழிந்துபோனால் கீழ்த் தாளைப் பார்த்துக் கணக்குச் சொல்லலாம். டிஸ்க் மிரர் என்பது இவ்வளவுதான். கம்ப்யூட்டரில் ஓடும் நிரல்களுக்கு இரண்டு டிஸ்க் இருப்பதே தெரியாது. ஒரே டிஸ்க் மாதிரிதான் தெரியும். நடுவில் இருக்கும் மென்பொருள் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு பக்கமும் எழுதுகிறது. இதற்கு ரெய்டு 1 என்று பெயர்.

அதே கார்பன் தாளில் இன்னொன்றும் இருக்கிறது. ஐந்நூறு என்று எழுதவேண்டியதை ஐம்பது என்று எழுதினால் கீழ்த் தாளிலும் ஐம்பதுதான் விழும். நீங்கள் கோப்பை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அழியும். ரான்சம்வேர் புகுந்து பூட்டினால் இரண்டையும் பூட்டும். மின்னல் இறங்கினாலும், திருடன் மெஷினோடு தூக்கிப் போனாலும் கதை அதேதான். மிரர் காப்பாற்றுவது ஒரே ஒரு ஆபத்திலிருந்து: இரண்டில் ஒரு டிஸ்க் செத்துப்போவது. பேக்கப் வேறு, இது வேறு. மிரர் இருக்கிறது என்று பேக்கப்பை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் மிரர் இல்லாமல் இருந்திருந்தால் பயத்திலாவது பேக்கப் எடுத்திருப்பார்கள்.

விலைக் கணக்கும் சுலபம். 4 டிபி டிஸ்க் இரண்டு வாங்கினால் கையில் நிற்பது 4 டிபி. ஒன்று 4, மற்றது 6 என்றால் அப்போதும் 4 தான். சின்னது எதுவோ அதுதான் அளவு. எழுதும் வேகம் மெதுவான டிஸ்க்கின் வேகம். படிக்கும்போது கொஞ்சம் லாபம் உண்டு, ஏனென்றால் இரண்டு பேர் இரண்டு கோப்பைக் கேட்டால் ஆளுக்கொரு டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம்.

ரெய்டு என்ற பெயர் 1988இல் வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை அதற்குக் காரணம். பெரிய, விலை உயர்ந்த ஒரு டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சின்ன டிஸ்க்குகளைக் கூட்டுச் சேர்க்கலாம் என்பது அவர்கள் வாதம். வேடிக்கை என்னவென்றால், மிரர் அவர்கள் கண்டுபிடித்ததில்லை. அதற்கு முன்பே, 1970களில், டாண்டம் நிறுவனத்தின் நான்ஸ்டாப் கம்ப்யூட்டர்கள் டிஸ்க்குகளை இரட்டையாக வைத்துக்கொண்டிருந்தன. இருக்கும் முறைகளில் இதுதான் அதிகம் செலவு வைப்பது என்று பெர்க்லி மூவரும் சொல்லி, அதற்கு முதல் எண்ணைக் கொடுத்துவிட்டு, மற்ற முறைகளுக்குப் போனார்கள். இன்று டிஸ்க் விலை இறங்கியபிறகு, வீட்டுக்கும் சிறு கடைக்கும் அந்த முதல் எண்தான் வசதியாக இருக்கிறது.

கருவியின் பெயர்

லினக்ஸில் இந்த வேலையைச் செய்வது கர்னலுக்குள் இருக்கும் எம்டி என்ற பகுதி. அதற்கு வெளியிலிருந்து உத்தரவு போடும் கட்டளை எம்டிஏடிஎம். நீல் பிரவுன் என்பவர் 2001இல் எழுதத் தொடங்கியது. மல்டிபிள் டிவைஸ் அட்மின் என்பதன் சுருக்கம். பணம் எடுக்கப் போகும் ஏடிஎம் நினைவில் தட்டிவிடாதீர்கள். இரண்டு இடத்திலும் டெல்லியில் வரும் டி. கட்டளைகளை இங்கே காதில் விழுகிறபடி எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

உபுண்டு, டெபியன் மெஷினில் அதே பெயரில் தொகுப்பு இருக்கிறது; ஆப்ட் இன்ஸ்டால் போட்டால் வந்துவிடும்.

டிஸ்க் வாங்காமலே பழகுவது

இனி வரும் பகுதியை வாசித்துவிட்டு விடாமல் கையால் செய்து பாருங்கள். காசு செலவில்லை. சாதாரணக் கோப்பையே டிஸ்க் என்று லினக்ஸை நம்பவைக்க முடியும். அதற்கு லூப் என்று பெயர்.

முதலில் 1 ஜிபி அளவில் மூன்று வெற்றுக் கோப்புகள். இரண்டு இப்போதைக்கு, மூன்றாவது "புதிதாக வாங்கும் டிஸ்க்".

ட்ரன்கேட் -எஸ் 1ஜி ஒன்று.ஐஎம்ஜி இரண்டு.ஐஎம்ஜி மூன்று.ஐஎம்ஜி

இதில் ஜி மட்டும் பெரிய எழுத்து. கோப்புப் பெயர் உங்கள் விருப்பம். அடுத்து ஒவ்வொன்றையும் லூப்பில் மாட்டவேண்டும் (முன்னால் வரும் சூடோ, நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்பதற்கு):

சூடோ லோசெட்டப் -எஃப் --ஷோ ஒன்று.ஐஎம்ஜி

காலியாக இருக்கும் ஒரு லூப் எண்ணைப் பிடித்து, எது என்று திரையில் சொல்லும். உபுண்டுவில் முதல் சில எண்களை ஸ்னாப் தொகுப்புகள் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும். எனக்கு 14, 15, 16 கிடைத்தன. உங்களுக்கு எது வருகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது மிரர்:

சூடோ எம்டிஏடிஎம் --கிரியேட் /டெவ்/எம்டி0 --லெவல்=1 --ரெய்டு-டிவைசஸ்=2 /டெவ்/லூப்14 /டெவ்/லூப்15

படிக்க நீளமாக இருந்தாலும் சொல்வது எளிது. எம்டி0 என்ற புது டிஸ்க்கை உண்டாக்கு, வகை ரெய்டு 1, உறுப்பினர் இரண்டு, அவர்கள் இன்னார் இன்னார். தட்டியதும், டிஸ்க்கின் தொடக்கத்தில் குறிப்பு எழுதப்போகிறேன், பூட் செய்வதற்கு இது ஒத்துவராமல் போகலாம், தொடரவா என்று கேட்கும். நாம் பூட் செய்யப்போவதில்லை. ஒய் தட்டுங்கள்.

அந்தக் "குறிப்பு" முக்கியமானது. சூப்பர்பிளாக் என்பார்கள். இந்த டிஸ்க் எந்தக் கூட்டணியைச் சேர்ந்தது, எத்தனையாவது உறுப்பினர், கடைசியாக எப்போது பதிவானது, இதுவரை எத்தனை நிகழ்வு நடந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். இப்போது வழக்கத்தில் உள்ள 1.2 வடிவத்தில் டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி உட்கார்ந்திருக்கும். அச்சகத்தில் ஏப்ரல் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது இதுதான். எம்டிஏடிஎம் --எக்ஸாமின் என்று தட்டி டிஸ்க்கின் பெயரைக் கொடுத்தால் முழுவதையும் வாசித்துக் காட்டும்.

சரி, இப்போது இந்தக் கட்டுரையிலேயே மிகவும் உபயோகமான கட்டளை:

கேட் /பிராக்/எம்டிஸ்டாட்

மூன்று நான்கு வரி வரும். முதல் வரியில் எம்டி0, ஆக்டிவ், ரெய்டு1, உறுப்பினர் பெயர்கள். அடுத்த வரியின் கடைசியைப் பாருங்கள். சதுர அடைப்புக்குள் 2/2. பக்கத்தில் இன்னொரு சதுர அடைப்புக்குள் யூ யூ என்ற எழுத்து இரண்டு தடவை, பெரிய எழுத்தில். யூ என்றால் அப், எழுந்து நிற்கிறது. இரண்டு யூ என்றால் இரண்டு காலும் தரையில். சீக்கிரமாகத் தட்டியிருந்தால் அதற்குக் கீழே ஒரு பட்டை ஓடுவதையும், ரீசின்க் என்ற சொல்லையும், எத்தனை சதவீதம் ஆயிற்று என்பதையும் பார்க்கலாம். முதல் டிஸ்க்கில் இருப்பதை இரண்டாவதில் பிரதி எடுக்கிறது. 1 ஜிபி என்பதால் சில விநாடிதான். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கைப் பயன்படுத்தலாம், காத்திருக்க வேண்டாம்.

எம்டி0 மேல் ஈஎக்ஸ்டி4 (லினக்ஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) ஃபார்மேட் போட்டு, மவுண்ட் செய்து (ஓர் அடைவோடு இணைத்து), உள்ளே ஒரு ஃபோட்டோவை வையுங்கள். இங்கே ஒரு கவனம்: ஃபார்மேட் போடுவது, மவுண்ட் செய்வது எல்லாம் எம்டி0 மேல்தான். லூப்14 அல்லது 15ஐ இனி நேரடியாகத் தொடவே கூடாது. கீழ்த் தாளை மட்டும் உருவி எழுதினால் கணக்கு உதைக்கும் இல்லையா, அதே கதை.

இப்போது உடைப்போம்.

சூடோ எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ஃபெயில் /டெவ்/லூப்14

மறுபடி எம்டிஸ்டாட் பாருங்கள். லூப்14க்குப் பக்கத்தில் அடைப்புக்குள் எஃப். 2/2 என்பது 2/1 ஆகிவிட்டது. யூ இருந்த முதல் இடத்தில் ஒரு அடிக்கோடு. ஃபோட்டோவைத் திறந்து பாருங்கள், திறக்கும். புதிதாக ஒன்றைக் காப்பி செய்யுங்கள், அதுவும் நடக்கும். நான் ஏழு மாதம் பார்க்கத் தவறிய காட்சி இதுதான். திரையில் சிவப்பு விளக்கு இல்லை, சத்தம் இல்லை, வேகம்கூடக் குறையவில்லை. மிரர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் அது செத்துக்கொண்டிருப்பது நமக்குத் தெரியாது.

சரிசெய்வோம். செத்த டிஸ்க்கைக் கழற்ற அதே கட்டளையில் ஃபெயிலுக்குப் பதில் --ரிமூவ். புது டிஸ்க்கை மாட்ட:

சூடோ எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ஆட் /டெவ்/லூப்16

உடனே எம்டிஸ்டாட் பார்த்தால் இப்போது ரெக்கவரி என்று பட்டை ஓடும். முடிந்ததும் மறுபடி இரண்டு யூ. இதை நான்கைந்து தடவை செய்து பாருங்கள். இரண்டையும் ஃபெயில் செய்தால் என்ன ஆகிறது? மெஷினை அணைத்துப் போட்டால்? பொம்மை டிஸ்க்கில் எத்தனை தப்பு வேண்டுமானாலும் செய்யலாம். போதும் என்று தோன்றினால் முதலில் அன்மவுண்ட், அடுத்து எம்டிஏடிஎம் --ஸ்டாப் /டெவ்/எம்டி0, பிறகு லோசெட்டப் -டி போட்டு லூப்புகளை விடுவித்து, கோப்புகளை அழித்துவிடுங்கள்.

உண்மையான டிஸ்க்குகள்

கட்டளை மாறாது. மாறுவது உங்கள் இதயத் துடிப்பு. ஏனென்றால் இப்போது தவறான பெயரைத் தட்டினால் போவது நிஜமான தரவு.

முதல் சிக்கல் பெயர். எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்பவை கண்ணில் பட்ட வரிசையில் கர்னல் வைக்கும் பெயர்கள். யூஎஸ்பி டிஸ்க் ஒன்றைச் செருகி ரீபூட் செய்தால் நேற்று எஸ்டிபியாக இருந்தது இன்று எஸ்டிசி ஆகலாம். எம்டிக்கு இதனால் குழப்பமில்லை, சூப்பர்பிளாக்கைப் படித்து ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். குழப்பம் நமக்குத்தான். அதனால் தொடங்கும் முன் இதைத் தட்டுங்கள்:

எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,மாடல்,சீரியல்

ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதன் சீரியல் எண் தெரியும். அதே எண் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளிலும் இருக்கும். ஆனால் டிஸ்க்கை கேபினெட்டுக்குள் மாட்டிவிட்டால் லேபிள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பக்கம் போய்விடும். மாட்டுவதற்கு முன்பே கடைசி நான்கு எழுத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி, வெளியே தெரியும் பக்கத்தில் ஒட்டுங்கள். அற்ப வேலையாகத் தெரியும். இரண்டில் ஒன்று செத்து, எது என்று தெரியாமல் உயிரோடு இருப்பதை உருவி எடுப்பதுதான் மிரர் வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு.

வாங்கும்போதே இரண்டையும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்காமல், வெவ்வேறு கடையிலோ வெவ்வேறு மாதத்திலோ வாங்கினால் நல்லது. ஒரே நாளில் தயாராகி, ஒரே வெயிலில் ஒரே அளவு உழைத்த இரட்டையர்கள் அடுத்தடுத்துப் படுத்துக்கொள்வதுண்டு.

டிஸ்க் முழுவதையும் அப்படியே கொடுக்காமல் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்தெடுத்த பகுதி) போட்டு, கடைசியில் ஒரு 100 எம்பி காலியாக விடுவது என் பழக்கம். 4 டிபி என்று எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி அளவு நூலிழை வித்தியாசப்படலாம். நாளைக்கு மாற்று டிஸ்க் ஒரு மயிரிழை சின்னதாக வந்தால் எம்டி சேர்த்துக்கொள்ளாது. ஓரத்தில் விட்ட இடம் அப்போது கைகொடுக்கும்.

ஏற்கெனவே தரவு இருக்கும் டிஸ்க்கை மிரராக்க நினைப்பவர்கள் பலர். அந்த டிஸ்க்கை நேரடியாக கிரியேட் கட்டளையில் எழுதிவிடாதீர்கள். அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. புது டிஸ்க்கை மட்டும் வைத்து மிரரை உண்டாக்குங்கள்; இரண்டாவது டிஸ்க்கின் பெயர் வரவேண்டிய இடத்தில் மிஸ்ஸிங் என்ற சொல்லைத் தட்டுங்கள். பிறக்கும்போதே ஒற்றைக் காலோடு ஒரு மிரர் பிறக்கும். அதில் ஃபார்மேட் போட்டு, பழைய டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் காப்பி செய்து, திறந்து சரிபார்த்து, ஒரு பேக்கப்பும் எடுத்தபிறகு, பழையதை --ஆட் போட்டுச் சேர்க்கலாம். சேர்த்த நிமிடம் பழைய டிஸ்க்கில் இருந்தது அழியத் தொடங்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எவ்வளவு நேரம் ஆகும்? விநாடிக்கு 150 எம்பி வேகம் என்று வைத்தால் 4 டிபிக்கு ஏறக்குறைய ஏழரை மணி நேரம். டிஸ்க்கின் உள்வட்டத்துக்குப் போகப் போக வேகம் குறையும் என்பதால் கூடவே ஆகலாம். ராத்திரி ஓடவிட்டுவிட்டுத் தூங்கலாம். நடுவில் மெஷின் அணைந்தாலும் பாதகமில்லை, மறுபடி எழுந்ததும் தொடரும். பெரிய மிரர்களில் பிட்மேப் என்று ஒரு சின்னக் குறிப்பேடும் இருக்கும்: எந்தப் பகுதியில் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதை அதில் குறித்துக்கொண்டே போவதால், திடீரென்று கரண்ட் போய் வந்தால் முழு டிஸ்க்கையும் மறுபடி ஒப்பிடாமல் அந்தப் பகுதிகளை மட்டும் சரிபார்த்துவிடும்.

எல்லாம் ஆனபின் ஒரு வேலை பாக்கி. எம்டிஏடிஎம் --டீடெய்ல் --ஸ்கேன் என்று தட்டினால் உங்கள் மிரரைப் பற்றி ஒரு வரி வரும். டெபியன், உபுண்டுவில் ஈடிசி அடைவின் எம்டிஏடிஎம் என்ற துணை அடைவுக்குள் இருக்கும் எம்டிஏடிஎம்.கான்ஃப் கோப்பின் கடைசியில் அந்த வரியைச் சேர்த்து, பூட் ஆகும்போது படிக்கப்படும் தொகுப்பைப் புதுப்பிக்க அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ கட்டளையை ஓட்டுங்கள். இதைச் செய்யாமல் ரீபூட் செய்துவிட்டு, எம்டி0 எங்கே போயிற்று, எம்டி127 என்று ஏதோ வந்திருக்கிறதே என்று பதறாதவர்கள் குறைவு. தரவு அதேதான், பெயர்தான் வேறு.

யார் சொல்வது?

என் கதையில் ஓட்டை விழுந்த இடம் இது. எம்டிஏடிஎம் சும்மா இருக்கவில்லை. பின்னணியில் காவல் காக்கும் ஒரு பகுதி அதில் உண்டு. டிஸ்க் விழுந்தால் மின்னஞ்சல் அனுப்பும். யாருக்கு? டெபியன் வகையில் எதுவும் மாற்றாமல் விட்டால் ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கு. அந்த அச்சக மெஷினில் மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடே இல்லை. யாரும் திறக்காத தபால் பெட்டிக்குள் கடிதம் போடச் சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போயிருந்தேன்.

அதே கான்ஃப் கோப்பில் மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு வரி இருக்கிறது. அங்கே நீங்கள் தினமும் பார்க்கும் முகவரியைக் கொடுங்கள். மெஷினிலிருந்து மெயில் வெளியே போக ஒரு சிறிய மென்பொருளும் வேண்டியிருக்கும். மெயில் பிடிக்காது என்றால், பிரோக்ராம் என்று ஒரு வரி எழுதி உங்கள் ஸ்கிரிப்ட் ஒன்றின் பாதையைக் கொடுக்கலாம். டிஸ்க் விழுந்ததும் அந்த ஸ்கிரிப்டைக் கூப்பிடும். நான் இப்போது அப்படித்தான் டெலிகிராமுக்கு அனுப்பிக்கொள்கிறேன். எந்த வழியானாலும் இதைத் தட்டிச் சோதியுங்கள்:

சூடோ எம்டிஏடிஎம் --மானிட்டர் --ஸ்கேன் --டெஸ்ட் --ஒன்ஷாட்

ஒவ்வொரு மிரருக்கும் ஒரு சோதனைச் செய்தி வரவேண்டும். கைக்கு வந்து சேராதவரை காவல் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாதாந்தரச் சோதனை. யாரும் தொடாத பழைய கோப்பு இருக்கும் இடம் கெட்டுப்போனால், அதைப் படிக்கும்வரை தெரியாது. மற்ற டிஸ்க் சாகும் நாளில்தான் அதைப் படிக்க நேர்ந்தால் என்ன செய்வது? அதற்காகவே டெபியன் வகை மெஷின்களில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு டிஸ்க்கையும் முழுவதும் படித்து ஒப்பிடும் ஏற்பாடு இருக்கிறது. படிக்க முடியாத இடம் அகப்பட்டால் மற்றதிலிருந்து எடுத்து அங்கே எழுதிவிடும். ஆனால் இரண்டும் படிக்கிறது, இரண்டிலும் இருப்பது வேறுவேறு என்றால்? எது சரி என்று எம்டிக்குத் தெரியாது. வித்தியாசம் இத்தனை என்று எண்ணி மட்டும் வைக்கும். இந்த ஒரு விஷயத்தில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய இசட்எஃப்எஸ் ஒரு படி மேல். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால், எந்தப் பிரதி பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்தும். வீட்டுச் சர்வரைப் புதிதாக அமைக்கப் போகிறீர்கள், நினைவகம் தாராளமாக இருக்கிறது என்றால் அதையும் ஒரு பார்வை பாருங்கள். மிரரின் அடிப்படை மாறாது, கட்டளைகள்தான் வேறு.

அச்சகத்தில் மாற்றிய நாள்

முதலில் பேக்கப். ஒற்றைக் காலில் நிற்கும் மிரரைச் சரிசெய்யப் போகும் முன் அதிலிருக்கும் அவசியமானதை வெளியே ஒரு டிஸ்க்கில் எடுத்துவிட வேண்டும். ரெக்கவரி என்றால் மிச்சமிருக்கும் டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை ஏழெட்டு மணி நேரம் விடாமல் படிப்பது. வயதான டிஸ்க்குக்கு அது சின்னச் சோதனையல்ல. ஸ்மார்ட்சிடிஎல் -ஏ போட்டு அதன் உடம்பையும் (டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கை) பார்த்தேன். அட்டவணையில் கெட்டுப்போன இடங்களைக் கணக்கிடும் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களுக்கு எதிரே கடைசிப் பத்தியில் பூஜ்ஜியம் இருந்தால் நிம்மதி. இருந்தது.

அடுத்து, விழுந்த டிஸ்க்கின் சீரியல் எண்ணை எழுதிக்கொண்டு மெஷினை அணைத்தேன். கேபினெட்டைத் திறந்தால் இரண்டு டிஸ்க்கும் லேபிள் உள்பக்கமாக. மேலே துண்டுத் தாள் ஒட்டச் சொல்லி இவ்வளவு அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இந்த நிமிடம்தான், நான் ஒட்டவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி, டார்ச் அடித்து எண் பார்த்து, சரியான ஆளை எடுத்தேன். அண்ணன் பக்கத்திலேயே நின்றார். "ரெண்டு டிஸ்க் போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களே தம்பி?" என்றார். "ஒண்ணும் ஆகலையே அண்ணே" என்றேன். அதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

புது டிஸ்க்கை மாட்டி மெஷினை ஆன் செய்ததும், உயிரோடு மிச்சமிருக்கும் பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷன் அமைப்பை அதற்குப் பிரதி எடுக்கவேண்டும். எஸ்ஜிடிஸ்க் என்ற கட்டளையில் பெரிய எழுத்து ஆர் போட்டால் அது நடக்கும். ஆனால் வரிசையைக் கவனியுங்கள்:

சூடோ எஸ்ஜிடிஸ்க் -ஆர் /டெவ்/புதுசு /டெவ்/பழசு

முதலில் வருவது புதுசு. காப்பி செய்யும் கட்டளையில் முதலில் மூலம், பிறகு சேருமிடம் என்று பழகிய கை இங்கே தானாக மாற்றிப் போட்டுவிடும். போட்டால் உயிரோடு இருக்கும் ஒரே டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணை, வெற்று டிஸ்க்கின் அட்டவணையாகிவிடும். நான் எப்போதும் தட்டிவிட்டு, என்டர் அழுத்தும் முன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஒருமுறை படிப்பேன். அதன்பின் பெரிய எழுத்து ஜி போட்டு அதே கட்டளையைப் புது டிஸ்க்குக்கு மட்டும் ஓட்டினால், பிரதியோடு வந்த அடையாள எண்கள் மாறிவிடும். பிறகு --ஆட். பொம்மை டிஸ்க்கில் பழகியது அப்படியே.

இது செத்துப்போன டிஸ்க்குக்கு. இன்னும் சாகவில்லை, ஆனால் ஸ்மார்ட் எண்கள் ஏறுகின்றன என்றால் ஃபெயில் செய்யாதீர்கள். புதியதை மூன்றாவதாகச் சேர்த்து --ரிப்ளேஸ் கொடுத்தால், பழையது இடத்தில் இருக்கும்போதே புதியது நிரம்பும். நடுவில் ஒரு நிமிடம்கூட ஒற்றைக் கால் இல்லை. கேபினெட்டில் மூன்றாவது டிஸ்க்குக்கு இடமும் கேபிளும் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

மாலை ஆறரைக்குத் தொடங்கிய ரெக்கவரி விடிவதற்குள் முடிந்திருந்தது. காலையில் எம்டிஸ்டாட்டில் யூ யூ. இரண்டு டிஸ்க்கின் மேலும் இப்போது சீரியல் எண் எழுதிய தாள் இருக்கிறது.

கழற்றிய டிஸ்க்கைக் குப்பையில் போட அண்ணன் கையை நீட்டினார். தடுத்தேன். மிரரின் பாதி என்பது பாதித் தரவு அல்ல. ஏப்ரல் வரையான எல்லாக் கல்யாணப் பத்திரிகையும், எல்லாக் கணக்கும் முழுதாக அதில் இருக்கின்றன. எழுதத்தான் அது தகராறு செய்தது, படிக்க நன்றாகவே வருகிறது. வேறொரு லினக்ஸ் மெஷினில் மாட்டி, எம்டிஏடிஎம் --அசெம்பிள் --ரன் என்று தட்டினால் யார் வேண்டுமானாலும் திறந்துவிடலாம். நம் மெஷின் எரிந்துபோனால் நமக்கு வரம். குப்பையிலிருந்து எடுத்தவனுக்கும் அதே வரம். பக்கத்து லேத் பட்டறையில் கொடுத்து நடுவில் மூன்று துளை போட்டுக் கொண்டுவந்தேன். ஃபேன் காற்றில் ப்ரூஃப் தாள்கள் பறக்காமலிருக்க அண்ணன் இப்போது அதைத்தான் மேலே வைக்கிறார்.